இருவருக்கும் சேர்த்து ஒரு பதில்

என் மனைவி பென்ஷன் பற்றி ஆராய்ச்சி செய்கிற பொருளாதார நிபுணர். நான் பல்செட் செய்கிறவன், இப்போது ஓய்வில் இருக்கிறேன். வயதானவர்களின் சாப்பாட்டுக்கு வழி என்ன என்று அவள் யோசித்தாள். அதை மெல்லுவதற்கு வழி என்ன என்று நான் யோசித்தேன். இதை எந்த விருந்தில் சொன்னாலும் நாலு பேர் சிரிப்பார்கள், அவள் மட்டும் சிரிக்க மாட்டாள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டதாம்.

எங்கள் தெருவில் அவளுக்குப் பென்ஷன் மேடம் என்று பெயர். பாதிப் பேர் அவள் பென்ஷன் ஆபீசில் வேலை பார்ப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கீழ் வீட்டில் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் இருக்கிறார். மாடிப்படியில் அவளைப் பார்த்துவிட்டால் விட மாட்டார், இந்த மாதப் பணம் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பார். அவளும் கைப்பையைத் தோளில் மாட்டியபடி நின்று பொறுமையாக விளக்குவாள். தான் பார்ப்பது அந்த வேலை இல்லை, இன்னும் ஒரு தலைமுறை கழித்து வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், ஓய்வில் இருப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், அவர்களை இவர்களால் தாங்க முடியுமா, ஓய்வு வயதைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் யாருக்கு லாபம், யாருக்கு இடுப்பு ஒடியும், இதையெல்லாம்தான் கணக்குப் போடுவதாகச் சொல்வாள். அவர் கடைசிவரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா, இந்த மாசம் எப்ப வரும்?" என்பார்.

ஆனால் அவள் துறையில் அவள் சாதாரண ஆள் இல்லை. 'ஜோடி ஓய்வு' என்ற வார்த்தையைப் புழக்கத்தில் விட்டதே அவள்தான். அதற்கு முன்பெல்லாம் ஒருவர் வேலையை விடுவதற்கு இரண்டே காரணம் சொல்வார்களாம், ஒன்று பணம், இன்னொன்று உடம்பு. இவள்தான் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தாள். கணவன் மனைவியில் ஒருவர் ஓய்வு பெற்றால் மற்றவரும் சீக்கிரமே வேலையை விட்டுவிடுகிறார். ஏன் என்றால், வீட்டில் இருப்பவர் துணைக்கு ஏங்குகிறார், வேலையில் இருப்பவர் அந்த ஏக்கத்தைப் புரிந்துகொள்கிறார். அரசு சில வருடங்களுக்கு ஒருமுறை வீடு வீடாக நடத்தும் சர்வேயில் இதற்கென்று கேள்விகள் உண்டு. அந்தப் பதில்களை வைத்துத்தான் அவள் இதை நிரூபித்தாள். அந்தக் கட்டுரை வந்தபோது எங்கள் பெண் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு அது பாடப்புத்தகத்தில் ஏறியது, மாநாடுகளுக்குக் கூப்பிட்டார்கள், தம்பதிகள் சேர்ந்து ஓய்வு பெறுவதற்கு ஒரு சலுகைத் திட்டம்கூட வந்தது. எனக்குப் பெருமைதான். ஏங்கிக்கொண்டிருக்கும் அந்தக் கணவன்மார்களில் நானும் ஒருவனாக ஒரு நாள் ஆவேன் என்றுதான் எனக்குத் தோன்றவில்லை.

போன வருடம் நான் ஓய்வு பெற்றேன். பல் மருத்துவமனையின் பின்பக்கம், மாடியில், ஜன்னலே திறக்க முடியாத ஒரு லேபில்தான் என் காலம் போயிற்று. பிளாஸ்டர் தூசி, மெழுகு வாசனை, எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சின்ன நீலச் சுடர், அலமாரி முழுக்க யார் யாருடையவோ வாய் அச்சுகள். கடைசியில் விரல் லேசாக நடுங்க ஆரம்பித்தது. முன்பல்லை ஒரு மயிரிழை தள்ளிப் பதித்தால் போதும், அந்த மனுஷர் ஆயுசுக்கும் சிரிக்க மாட்டார். அதனால் மரியாதையாக விலகிக்கொண்டேன். ஒரு துளி வருத்தம் இல்லை. என்னை வழியனுப்பியவர்கள்தான் நான் அழுவேன் என்று எதிர்பார்த்து ஏமாந்து போனார்கள்.

எனக்குக் கிடைத்த காலைப்பொழுதுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எட்டு மணி பஸ்ஸுக்குப் போவாள். கதவு சாத்தும் சத்தம், படியில் இறங்கும் சத்தம், கீழே தபால்காரர் அவளை மடக்கும் சத்தம். அதற்கப்புறம் வீடு என்னுடையது. வெயில் சோபாவின் ஒரு கைப்பிடியில் ஆரம்பித்து இன்னொரு கைப்பிடிக்குப் போவதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. ரேடியோவை வைப்பேன், அணைப்பேன். ஒரு துணியைத் துவைத்துவிட்டு அது காய்வதைப் பார்ப்பேன். பத்து மணிக்கு நகராட்சி நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கென்று தனி நேரம் உண்டு. பிறந்ததிலிருந்து தண்ணீரைக் கண்டால் பயந்தவன் நான். இப்போது மல்லாந்து படுத்து மிதக்கிறேன். காதுக்குள் தண்ணீர் போய் உலகத்தின் சத்தமெல்லாம் நின்றுவிடும்போது வருகிற நிம்மதி இருக்கிறதே, அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மதியம் அவள் போன் பண்ணுவாள், சாப்பிட்டேனா, என்ன செய்கிறேன் என்று கேட்பாள். சும்மாதான் இருக்கிறேன் என்பேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும். பாவம், மனுஷர் தனியாகக் கிடந்து தவிக்கிறார் என்று அர்த்தம்.

இந்தப் பெருமூச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். இந்த வருடம் அவளுக்கு ஓய்வு வயது. அவளுடைய ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, இன்னும் மூன்று வருடம் இருங்கள் என்று கேட்டிருக்கிறார். ஓய்வு வயதை உயர்த்தலாமா கூடாதா என்று அரசு முடிவு செய்யப்போகிறது, அதற்கான பெரிய ஆய்வை இவளே தலைமை தாங்கி நடத்த வேண்டும், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வாழ்நாள் முழுக்க எதற்காக உழைத்தாளோ அந்தக் கேள்வி. சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லப்போவதாகச் சொன்னாள்.

ஏன் என்று கேட்டேன்.

"உங்களுக்காகத்தான்," என்றாள்.

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். காரணம் சொல்கிறேன், நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. நாலைந்து வருடங்களுக்கு முன்னால் அவள் கால் முறிந்து வீட்டில் கிடந்தாள். முதல் வாரம் புத்தகம் படித்தாள். இரண்டாவது வாரம் சமையலறை டப்பாக்களை உயரப்படி அடுக்கச் சொன்னாள், அடுக்கினேன். அப்புறம் பயன்படுத்தும் வரிசைப்படி அடுக்கச் சொன்னாள், அதையும் செய்தேன். பிறகு பாலும் சோப்பும் எவ்வளவு செலவாகிறது என்று ஒரு வரைபடம் போட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அதற்குப் பிறகு எதுவும் செய்யவில்லை. நான் லேபிலிருந்து வந்து, இருட்டிய பிறகும் கூடத்தில் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் வெங்காயம்கூட நறுக்காமலே அழுதுகொண்டிருந்தாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். கட்டுப் பிரித்து ஆபீஸ் போன அன்றுதான் அவள் முகத்துக்குக் களை திரும்பி வந்தது. கணக்கு சரியாக வந்துவிட்டால் அவள் சுதி சேராமல் ஒரு பாட்டு முனகுவாள். அன்று சாயங்காலம் அந்த முனகல் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

வேலை இல்லாவிட்டால் அவள் வாடிப்போவாள். அது எனக்காகச் செய்த தியாகம் என்று வேறு ஆகிவிடும். நான் கேட்கவே கேட்காத தியாகம். என் காலைப்பொழுதும் போய், அவள் வேலையும் போய், இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு டப்பா அடுக்க வேண்டியதுதான்.

சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். என்னவென்று சொல்வது? இவ்வளவு காலம் கூட வாழ்ந்தவளிடம், பகலில் நீ வீட்டில் வேண்டாம் என்று நாக்கின்மேல் பல்லைப் போட்டு எப்படிச் சொல்வது? ஊருக்கெல்லாம் பல் கட்டிக்கொடுத்தவனுக்கு இந்த ஒரு வாக்கியம் வாய்க்குப் பொருந்தவில்லை. மென்று முழுங்கினேன்.

ஒருமுறை சுற்றி வளைத்துச் சொல்லிப்பார்த்தேன். எனக்காக நீ வேலையை விட வேண்டாமே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். நான் இப்படித்தான் சொல்வேன் என்று அவளுக்கு முன்பே தெரியுமாம். ஆண்கள் வாயால் இப்படித்தான் சொல்வார்களாம், ஆனால் தரவு வேறு சொல்கிறதாம். கையில் தரவு வைத்திருப்பவளோடு என்ன வாதாடுவது? நான் சொன்னால் அது என் ஒருத்தனுடைய கருத்து. அவள் சொன்னால் அது நாட்டிலுள்ள அத்தனை கணவன்மார்களின் கருத்து.

வேறு ஊரில் இருக்கும் எங்கள் பெண்ணுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நேராகச் சொல்லிவிடுங்கள் அப்பா என்றாள். நீ சொல்லேன் என்றேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் வர மாட்டேன், எனக்கு இன்னும் கொஞ்ச காலம் வாழ ஆசை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை மதியம்தான் அழைப்பு மணி அடித்தது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், படியேறிய மூச்சிரைப்பு. ஒரு இளம்பெண். புள்ளிவிவரத் துறையிலிருந்து சர்வே எடுக்க வந்திருப்பதாகவும், குலுக்கலில் எங்கள் வீடு வந்திருப்பதாகவும் சொன்னாள். கதவைத் திறந்தது என் மனைவி. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வாழ்நாள் முழுக்கச் சமைத்துப் போட்டவளை ஒரு நாள் பந்தியில் உட்கார வைத்தது போல இருந்தது. எந்த சர்வேயை வைத்துப் பெயர் எடுத்தாளோ, அது அவள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

தான் யார் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் பயந்து ஒழுங்காகக் கேட்க மாட்டாள் என்று என்னிடம் கிசுகிசுத்தாள். நடுவில் பேசி எதையும் கெடுக்கக் கூடாது என்று என்னை எச்சரித்து, டீ போடச் சொல்லி உள்ளே அனுப்பினாள். பிறகு கூந்தலைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே கதவு கிடையாது. ஒவ்வொரு கேள்வியும் காதில் விழுந்துகொண்டிருந்தது. வயது, வேலை, உடம்புக்கு என்ன, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா. என் மனைவி ஒவ்வொன்றுக்கும் நிதானமாக, யோசித்து, திருத்தித் திருத்திப் பதில் சொன்னாள். இரத்த அழுத்தம் எப்போதிலிருந்து என்ற கேள்விக்கு, சரியாக நினைவில்லை, தெரியாது என்றே போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அவ்வளவு நேர்மை. அப்புறம் என்னைப் பற்றிய கேள்விகள் வந்தன. கணவர் எப்போது ஓய்வு பெற்றார், எப்படிப் பொழுது போகிறது. பொழுது போகாமல் கஷ்டப்படுகிறார் என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு டீயை வடிகட்டினேன்.

"நீங்க எப்ப வேலையிலிருந்து ஓய்வு பெறணும்னு உங்க கணவர் விரும்புறார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"உடனே," என்றாள் என் மனைவி. யோசிக்கவே இல்லை.

எனக்குக் கோபம் சுலபத்தில் வராது. லேபில் சுடுமெழுகு கையில் கொட்டினால்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொல்வார்கள். ஆனால் அன்று வந்தது. என் விருப்பத்தை, என் வீட்டில், நான் பத்தடி தூரத்தில் டீ போட்டுக்கொண்டிருக்கும்போது, இன்னொருத்தர் சொல்ல, மூன்றாவதாக ஒருத்தர் அதைப் பதிந்துகொண்டிருக்கிறார். டீத் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

"அதை என்னையே கேக்கலாமே. நான் இங்கதானே இருக்கேன்," என்றேன்.

அந்தப் பெண் தடுமாறிப்போனாள். ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் பதில் சொல்ல வேண்டும், கணவன் மனைவி இருந்தால் கதவைத் திறக்கிறவரே இருவருக்கும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், அதுதான் விதி என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். நான் விடவில்லை. எந்தப் புத்திசாலி போட்ட விதி இது என்று கேட்டேன். தெரியாது சார், ரொம்ப வருஷமாக இப்படித்தான் இருக்கிறது என்றாள்.

என் மனைவி டீக் கோப்பையிலிருந்து எழும் ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்," என்றாள்.

அதற்கப்புறம் மிச்சக் கேள்விகளுக்கு அவள் மெல்லிய குரலில் பதில் சொல்லி முடித்தாள். அந்தப் பெண்ணுக்கு விஷயம் புரிந்ததா இல்லையா தெரியவில்லை. டீயைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் சோபாவின் இரண்டு மூலையில் உட்கார்ந்திருந்தோம்.

அவளே சொன்னாள். முதலில் கணவன் மனைவி இருவரையும் தனித்தனியாகத்தான் கேட்பார்களாம். ஒருவர் இருந்தால் ஒருவர் இருக்க மாட்டார், ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று தடவை நடக்க வேண்டியிருந்தது. செலவைக் குறைக்க ஒரு குழு போட்டார்கள். குழுவிலேயே சின்னவள் இவள்தான். ஒருவரே மற்றவருக்கும் சேர்த்துச் சொல்லலாமே என்று யோசனை சொன்னாள். ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள் ஒருவர் மனதை ஒருவர் அறிவார்கள் என்று குறிப்பும் எழுதிக்கொடுத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"நமக்குக் கல்யாணம் ஆன புதுசு அப்ப," என்றாள்.

பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். ஜோடியாக ஓய்வு பெறுகிறார்கள் என்பது பொய் இல்லை, அவர்கள் ஓய்வு பெற்ற தேதிகள் இருக்கின்றன. ஆனால் ஏன் என்று தான் சொன்னதெல்லாம் இந்த ஒரு கேள்வியை நம்பித்தான். மற்ற கேள்விகளுக்கெல்லாம் ஜனங்கள் தெரியாது என்று சொல்வார்கள். தன் உடம்பைப் பற்றியே தெரியாது என்பார்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்தப் பத்தியில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. எவ்வளவு சுத்தமான தரவு என்று அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

"ரெண்டு பேருமே இன்னொருத்தர் ஆசைப்படறாங்கன்னு நினைச்சு வேலையை விட்டிருந்தா? ரெண்டு பேருக்குமே அது பிடிக்காம இருந்திருந்தா?" என்றாள்.

எதிர் மூலையில் அவள் திரும்பி உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணைப் போலவே முதுகை நிமிர்த்திக்கொண்டு, கேட்பதை மட்டும் கேட்கிற முகத்தோடு, என்னைப் பார்த்தாள்.

"நீங்க என்ன விரும்புறீங்க?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் அவளும் எவ்வளவோ பேசியிருக்கிறோம். இந்த மாதிரி, பதிலைக் கையில் தயாராக வைத்துக்கொள்ளாமல் அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. பொய் சொல்ல மனசு வரவில்லை.

"நீ வேலையை விட வேணாம்," என்றேன். "எனக்குக் காலைல வீடு தனியா வேணும். அது எனக்குப் பிடிச்சிருக்கு."

"நான் இல்லாமலா?"

"ஆமா."

அவள் எழுந்தாள். கோப்பைகளைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மூன்று கோப்பை கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் சோபாவில் கல்லாக உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்லி வீட்டையே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது, நன்றாகவே பயமாக இருந்தது.

குழாய் நின்றது. ஈரக் கையோடு வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"வேற?" என்றாள்.

வேறு ஒன்றுமில்லை என்றேன். அவள் அசையவில்லை. முதல் பதிலோடு எழுந்துபோகிறவர்கள் மோசமான ஆராய்ச்சியாளர்கள் என்று அவளே சொல்லுவாள். காத்துக்கொண்டிருந்தாள். அப்படிக் காத்துக்கொண்டிருந்ததால்தான் எனக்குள் இருந்தது எனக்கே தெரிந்தது.

சாயங்காலம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். காலை எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு சாயங்காலம் பிடிக்கவில்லை. இது ஓய்வு பெற்ற பிறகு வந்தது அல்ல, அதற்கு முன்பே இருந்தது. லேபிலிருந்து நான் இருட்டுவதற்கு முன்பே வந்துவிடுவேன், அவள் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வருவாள். அந்த நடுவில் இருக்கிற நேரம்தான். பெண் வீட்டில் இருந்தவரை தெரியவில்லை. பெண் படிக்கப் போனதிலிருந்து, விளக்குப் போட்டதும் பால்கனிக்குப் போய் பஸ் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து யார் யாரையோ இறக்கிவிட்டுப் போகும். என் மனைவி தெரு முனைக்கு வந்துவிட்டால் உள்ளே ஓடி வந்து டிவி பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொள்வேன்.

"விளக்குப் போடற நேரத்துக்கு வந்துடு," என்றேன். "எனக்கு அது போதும்."

"இவ்வளவு வருஷமா ஏன் சொல்லல?"

"உனக்கு அங்க இருக்கறதுதான் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்."

அவள் சொன்னாள். "அஞ்சு மணிக்கு மேல அங்க எனக்கு ஒரு வேலையும் இல்ல. எல்லாரும் கிளம்பிடுவாங்க. நான் சும்மா உக்காந்து பழைய மெயிலைப் பாத்துட்டு இருப்பேன். நீங்க லேப்ல அத்தனை பேரோட மல்லுக்கட்டிட்டு வர்றீங்க, கொஞ்ச நேரம் வீட்டுல தனியா இருக்கட்டும், அதுதான் உங்களுக்குப் பிடிக்கும்னு நினைச்சேன். நீங்க ஓய்வு பெற்ற பிறகும் அதே வழக்கமாப் போச்சு."

நான் பால்கனியில் நின்றுகொண்டிருந்த அத்தனை சாயங்காலமும் அவள் காலியான ஆபீசில் எனக்காக உட்கார்ந்திருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க நான் முயற்சி செய்யவில்லை. அவளும் இந்த மூலைக்கு நகர்ந்து வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஈரக் கை என் சட்டையை நனைத்தது. இனிமேல் திரும்பி வராத சாயங்காலங்கள் அவை. அதற்கு எந்தத் திட்டத்திலும் ஈடு கிடையாது என்று அவளுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை அவள் இயக்குநரைப் பார்த்து, மூன்று வருடமும் இருப்பதாகச் சொன்னாள். கூடவே ஒரு நிபந்தனை போட்டாள். ஓய்வு வயதைப் பற்றி எதையும் சொல்வதற்கு முன்னால் கணவன் மனைவியைத் தனித்தனியாகக் கேட்டாக வேண்டும், எத்தனை தடவை நடக்க வேண்டியிருந்தாலும் சரி. உங்கள் கண்டுபிடிப்பே கவிழ்ந்துவிடலாமே என்று இயக்குநர் கவலைப்பட்டாராம். வேறு யாரோ கவிழ்ப்பதற்குள் நானே கவிழ்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று மாலை நான் கூடத்து விளக்கைப் போட்டேன், படியில் காலடிச் சத்தம் கேட்டது. கீழே தபால்காரர் அவளைப் பிடித்துக்கொண்டுவிட்டார். நான் மேலிருந்து எட்டிப்பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை அதட்டினேன்.

புதிய சர்வேக்குக் கேள்விகள் தயாராகச் சில மாதங்கள் ஆயின. சர்வே எடுக்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. கணக்கில் சேராத வெறும் ஒத்திகைக்கு எங்கள் வீட்டையே கொடுத்தாள். அன்று வந்த அதே பெண்தான் வந்தாள். இப்போது என் மனைவி யார் என்று அவளுக்குத் தெரியும், அதனால் டேப்லெட்டைப் பிடித்திருந்த கை கொஞ்சம் விறைப்பாக இருந்தது. வெளியே வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. முதலில் மேடம், பிறகு சார், ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கக் கூடாது என்று சொல்லி என்னை உள்ளே போகச் சொன்னாள். போனேன். எங்கள் சமையலறைக்குத்தான் கதவு கிடையாதே.

வயது, வேலை, உடம்பு, மாடிப்படி. எல்லாம் பழைய வரிசைதான். ஒரு பழைய கேள்வியை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என் மனைவி வேண்டுமென்றே வைத்திருந்தாள். அது வந்ததும் நான் குழாயை மூடினேன்.

"நீங்க எப்ப ஓய்வு பெறணும்னு உங்க கணவர் விரும்புறார் மேடம்?"

கூடத்தில் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது.

"தெரியாதும்மா," என்றாள் என் மனைவி. "உள்ளே இருக்கார். அவரையே கேளு."